ஐம்பது வயதுச் சக்கரத்துக்கு ஐந்து டயர்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி முதல் மும்பைத் தெருக்களில் பத்மினி டாக்சி கிடையாது. இங்கே டாக்சிக்கு இருபது வருட ஆயுளைத்தான் சட்டம் தருகிறது. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29-ல். கணக்கு முடிந்துவிட்டது. பத்திரிகைகளெல்லாம் படம் போட்டு விடை கொடுத்தன. ஆனால், வீட்டில் இன்னமும் ஃபியட் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தியின் இன்னொரு பாதி மெதுவாகத்தான் உறைத்தது. டாக்சி போனதோடு டயரும் போய்விட்டது.

மாதுங்கா, செம்பூர், முலுந்து பக்கம் நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் ஃபியட் என்பது குடும்பத்தில் ஒரு நபர் மாதிரி. 1964-ல் 'ஃபியட் 1100 டிலைட்' என்று குர்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டிக்கு 1974-ல் 'பிரீமியர் பத்மினி' என்று பெயர் மாறியது. சித்தூர் ராணி பத்மினியை நினைத்து வைத்த பெயர் என்பார்கள். நம்மவர்களுக்கு நினைவு வந்தது வேறு பத்மினி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வண்டி அந்த 1974-ஆம் வருடத்து மாடல். கையில் கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், 1089 சி.சி. இன்ஜின். இன்ஜினுக்கும் கியருக்கும் உதிரிப் பாகம் இன்றைக்கும் தேடினால் அகப்படும். அகப்படாவிட்டால் லேத்தில் கடைந்து கொடுக்கவும் ஆள் உண்டு. டயரை யாரும் கடைந்து கொடுக்க முடியாது.

டாக்சிகள் ஓடியவரை இந்தக் கவலை எழவே இல்லை. ஆயிரக்கணக்கான டாக்சிகள் இரவும் பகலும் ஓடித் தேய்த்துக்கொண்டிருந்ததால், எந்தக் கடைக்குப் போனாலும் அந்த அளவு டயர் புதிதாகவே இருக்கும். கடைக்கு வந்த சரக்கு மாதக்கணக்கில் தங்காது. இன்று அந்த அளவைக் கேட்பவர்கள் என்னைப் போல நாலு பேர். நாலு பேருக்காகக் கடைக்காரர் புதுச் சரக்கு எடுப்பாரா? இருப்பதைத்தான் தூசி தட்டிக் கொடுப்பார். பிரச்சினையின் வேர் இதுதான். டயர் கிடைக்காது என்பதில்லை. கிடைப்பது எந்த வருடத்து டயர் என்பதே கேள்வி.

எங்கள் வண்டியில் இருந்த டயர்களின் பக்கச்சுவரில் '5.20-14' என்று இருந்தது. இது பழைய பாஷை. 5.20 என்பது டயரின் அகலம், அங்குலத்தில், மில்லிமீட்டரில் 132. கடைசியில் உள்ள 14 ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலம். நடுவிலுள்ள சிறு கோடு சொல்வது, டயருக்குள் இருக்கும் நூலிழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்துப் பின்னப்பட்டவை என்பதை. கடைத்தெருவில் இதைத்தான் 'நைலான் டயர்' என்கிறார்கள். ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். தரையில் படும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். 1946-ல் பிரான்சின் மிஷ்லின் கம்பெனி காப்புரிமை பெற்ற விஷயம் இது. நம் நாட்டுக் கார்களுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அதே 1946-ல்தான் நம் சென்னைத் திருவொற்றியூரில் ஒருவர் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார் என்பதும், அதுவே பிறகு எம்.ஆர்.எஃப். ஆயிற்று என்பதும் சும்மா ஒரு கொசுறுத் தகவல்.

முதலில் போன கடையில் ஐந்து டயர்கள் தயாராக இருந்தன. அதே 5.20-14. கன்னங்கரேலென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி மின்னின. பட்டன் முழுசாக இருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதவை. விலையும் குறைவு. உடன் வந்திருந்த எங்கள் மெக்கானிக் மட்டும் திருப்தியில்லாமல் டயரைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் டாக்சி வேலையே பார்த்து வளர்ந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

"பட்டனப் பாக்காதிய சார், பொறந்த தேதியப் பாருங்க" என்றார்.

"எங்கே இருக்கு அண்ணாச்சி?"

"இந்தா, உள்பக்கம் திருப்பி வச்சிருக்காம்லா!"

பிறந்த தேதி ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் இருக்கிறது. நீளமாக ஓடும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அன்று கடையில் பார்த்த டயர்களில் இரண்டு 2011, மூன்று 2012. டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த எண் முழுதாக இருப்பதுண்டு. அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது தற்செயல் என்று நம்ப நான் தயாராக இல்லை. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம்.

"ஓடவே இல்லையே சாப், ஓடாத டயர் எப்படிக் கெடும்?" என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு டயர் இருபது வருடம் வரும் என்று. ஆனால் ரப்பரைக் கெடுப்பது ஓட்டம் மட்டுமில்லை; காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் வெயிலும் வெப்பமும்கூடத்தான். ரப்பர் இறுகி, இழைகளோடு உள்ள பிடிப்பு தளர்கிறது. இதைத் தடுக்க டயர் ரப்பரில் ஒரு மெழுகைக் கலக்கிறார்கள். டயர் ஓடும்போது வளைந்து நெளிவதால்தான் அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பு போல நிற்கும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தக் காப்பும் கிடைப்பதில்லை. ஆகவே, ஓடாத டயர் சில சமயம் ஓடிய டயரைவிட மோசம்.

பல கார் கம்பெனிகள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள் தாராளமாகப் பத்து வருடம் வரை போகின்றன, அதுவும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் பரிசோதித்து. பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ் ஆகியவற்றின் முன்சக்கரத்தில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் இருந்தால் சட்ட விரோதம். நம்மூர் சட்டம் பட்டனின் ஆழத்தை அளக்கிறது, காருக்கு 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய டயருக்கு அந்தப் பரிட்சையில் நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும்! வெளியே அழகாக இருக்கும் டயர், மே மாத மத்தியானத்தில், கண்டாலா மலைச்சாலையில், வண்டி நிறையக் குடும்பத்தோடு இறங்கும்போதுதான் தன் வயதைச் சொல்லும். அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தோம்.

அடுத்த கடையில் வேறு உபதேசம். "ரிம்மையே மாத்திடுங்க. அலாய் போட்டா நூறு டயர் கிடைக்கும்." இதற்கு மயங்கியவர்கள் நிறைய. பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய அலாய்ச் சக்கரத்தின் போல்ட் துளை வட்டம் நம் வண்டிக்குப் பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு தகடு கொடுத்து மாட்டுவார்கள். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஐம்பது வருடத்துக்கு முன் எந்தப் பாரத்தை எந்த இடத்தில் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பேரிங்கும் ஸ்டப் ஆக்ஸிலும் வேறு இடத்தில் அதைத் தாங்க வேண்டி வரும். அதற்கும் மேல் ஒன்று: அந்த எஃகு ரிம்மும் அதன் மேல் உட்காரும் நிக்கல் தொப்பியும் போய்விட்டால், பிறகு அது என்ன வண்டி? இதைத் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

ரிம் அதே ரிம்தான் என்று முடிவு செய்துவிட்டால், கேள்வி திரும்பிவிடுகிறது. கடையில் என்ன டயர் இருக்கிறது என்பதற்கு முன்னால், இந்த ரிம் எந்த டயரை ஏற்கும் என்று கேட்க வேண்டும். ஆகவே முதலில் ரிம்மைப் படியுங்கள். ரிம்மின் விட்டமும் அகலமும் பெரும்பாலும் உலோகத்திலேயே அடித்திருக்கும். பெயிண்டைச் சுரண்டினால் தெரியும். தெரியாவிட்டால் டயரைக் கழற்றி, டயர் விளிம்பு உட்காரும் இரண்டு உள்சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் தப்பாக அதிகம் காட்டும். எங்கள் ரிம்மின் அளவை இங்கே எழுதி, நீங்கள் அதையே நம்பிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. ஐம்பது வருடத்தில் எத்தனையோ பஞ்சர் கடைகளில் ரிம்கள் கைமாறியிருக்கும். எங்கள் வண்டியிலேயே ஸ்டெப்னி மற்ற நான்கின் ஜாதி இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

பொதுவாக, அந்தக் கால ரிம்கள் குறுகலானவை. இன்றைய டயர்களோ வருடத்துக்கு வருடம் அகலமாகவும் தட்டையாகவும் ஆகிக்கொண்டு வருகின்றன. இந்த இடத்தில்தான் கடைக்காரரின் கையும் நம் கணக்கும் மோதுகின்றன.

14 அங்குலத்தில் எளிதாகக் கிடைப்பது 165/70 ஆர் 14. சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. ஆகப் பக்கச்சுவர் 115.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 355.6 மி.மீ. ரிம், மொத்த உயரம் 587 மி.மீ. பழைய 5.20-14 காற்றடித்து நின்றால் ஏறத்தாழ 610 மி.மீ. வரும். புதியது கிட்டத்தட்ட 4 சதவீதம் குட்டை. இதனால் என்ன? வண்டி 12 மி.மீ. தாழும், மும்பை வேகத்தடைகளைப் பார்த்தவர்களுக்கு 12 மி.மீ. என்பது சைலன்சரின் ஆயுள் ரேகை. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 58-க்குள்தான் ஓடுவோம். இன்ஜின் அதே வேகத்துக்கு அதிகமாகச் சுழலும். பார்வைக்கும் மட்கார்டுக்குள் சக்கரம் தொலைந்துபோன மாதிரி இருக்கும். இத்தனைக்கும் மேலாக, 70 தொடர் டயர் பழைய குறுகலான ரிம்மில் உட்காரும்போது விளிம்புகள் நெருக்கப்பட்டு, டயர் நடுவில் உப்பி நிற்கும். 175/65-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். அது கேட்பது குறைந்தது 5 அங்குல ரிம்.

155/80 ஆர் 14 போட்டுப் பார்த்தால் உயரம் 604 மி.மீ.; பழையதற்கு மிக அருகில். அகலமும் அளவோடு. கிடைத்தால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். நான் தேடியபோது புதுத் தேதியில் ஐந்தாகக் கிடைக்கவில்லை. அடுத்தது 165/80 ஆர் 14. மாருதி ஸ்விஃப்டில் வந்த அளவு என்பதால் வேகமாக விற்பனையாகும். டாக்சிக் காலத்து நம் 5.20-14 போலவே கடையில் தங்காது. உயரம் 620 மி.மீ., ஒன்றரை சதவீதம்தான் அதிகம். ரிம் குறைந்தது 4 அங்குல அகலம் இருந்தால் ஏற்கும். அதற்கும் குறைவென்றால் இந்த அளவை மறந்துவிட வேண்டியதுதான். 145/80 போலக் குறுகலானதைத் தேட வேண்டும், அல்லது நைலானுக்கே திரும்ப வேண்டும். பாரம் பற்றிப் பயமில்லை: 165/80-ல் 85 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். நம் வண்டியின் மொத்த எடையே 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பயம் அகலத்தில்தான். 132-க்குப் பதில் 165 என்றால் இரண்டு பக்கமும் 16 மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும். முன்னால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுமா? பின்னால் பட்டைச் சுருள் அமுங்கும்போது மட்கார்டு விளிம்பு டயரைச் செதுக்குமா? இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரே ஒரு டயரை மட்டும் வாங்கி எங்கள் ரிம்மில் மாட்டினோம். மட்கார்டின் உள்விளிம்பிலும் உள்சுவரிலும் சப்பாத்தி மாவை விரல் கனத்துக்கு அப்பினேன் (வீட்டில் கேட்ட கேள்விகளை விட்டுவிடுகிறேன்). பிறகு கட்டடத்து நண்பர்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வேகத்தடைகளில் ஏறி இறங்கினோம். முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் என்று நான்கு இடத்திலும் அதே சக்கரத்தை மாற்றி மாட்டிச் சோதித்தோம். பின்னால் இடது பக்கம் மாவு லேசாக அமுங்கியிருந்தது, அறுபடவில்லை. அதன் பிறகே மற்ற நான்குக்கும் பணம் கட்டினேன். உங்கள் வண்டியில் பட்டைச் சுருள் தளர்ந்திருந்தால் பலன் வேறாக இருக்கும். அப்போது மாவு சொல்வதைக் கேளுங்கள், நான் சொல்வதை அல்ல.

நைலானா ரேடியலா என்பதில் எங்கள் நண்பர் குழுவில் இரண்டு கட்சி. நைலான் கட்சியின் வாதம் லேசானதல்ல. அந்த வண்டியின் சஸ்பென்ஷன் நைலானுக்காகவே அமைந்தது. நைலான் பிடிப்பை இழக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாக வழுக்கும். ரேடியல் கடைசி வரை பிடித்துக்கொண்டு பிறகு சட்டென்று விடும். ரேடியலின் பிடிப்பு அதிகம் என்பதால் திருப்பங்களில் ரிம் மீது விழும் பக்கவாட்டு விசையும் அதிகம். பழைய ரிம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எல்லாம் உண்மை. மறுபக்கம், மழையில் நனைந்த தார்ச்சாலையில் டிரம் பிரேக்கை மிதித்துவிட்டுக் கடவுளை வேண்டியவர்களுக்கு ரேடியலின் அருமை தெரியும். ரோட்டிலுள்ள கோடுகளையும் பள்ளங்களையும் பின்தொடர்ந்து வண்டி அலைவதும் குறையும்.

என் தீர்ப்பு, வண்டி எதற்கு என்பதைப் பொறுத்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று அத்தோடு சரி. செம்பூரில் ஒரு நண்பர் அந்த வழியில் போகிறார். அவர் நைலானில் புதுத் தேதியாகத் தேடிக் காத்திருப்பதுதான் சரி. அவர் வண்டி 1974-ல் எப்படி நின்றதோ அப்படி நிற்க வேண்டும். எங்கள் வண்டி அப்படியில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பித்துக்கொண்டு, தினசரி காய்கறிக்கும் கோயிலுக்கும், மாதம் ஒருமுறை புனேக்கும் போகிறது. குழந்தைகள் ஏறுகிறார்கள். எங்களுக்கு ரேடியல். வெளிநாட்டில் மிஷ்லின், பிரெலி போன்றவர்கள் பழைய கார்களுக்கென்றே பழைய அளவுகளை இன்றும் செய்கிறார்கள் என்று ஒரு அன்பர் ஆசை காட்டினார். 2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதிக்கு அரசு உரிமம் வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம், தனி ஆளால் ஆகிற காரியமில்லை.

ரேடியல் என்று முடிவானதும் அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை, "அப்ப ரிம்ம முழுசா உரிச்சுப் பாத்துருவோம் சார்." ஐந்து ரிம்மையும் மணல் வீச்சில் பெயிண்ட் நீக்கிக் கொண்டுவந்தோம். ஒன்றில் போல்ட் துளைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு. சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்க்கும் சோதனை ஒன்று வெல்டிங் பட்டறைகளில் உண்டு. அதைச் செய்ததும் கோடு சிவப்பாக எழுந்து நின்றது. விரிசல்தான். "வெல்டு அடிச்சிரலாம்" என்று பட்டறையில் சொன்னதை அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. குர்லா சி.எஸ்.டி. ரோட்டுப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, உடைத்துப் போட்ட ஒரு டாக்சியின் நல்ல ரிம்மை எடுத்து வந்தார். டாக்சிகள் போனதால் டயர் அருகிவிட்டது. அதே காரணத்தால் ரிம் மலிந்து கிடக்கிறது.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது எல்லோரும் பவுடர் கோட்டிங் என்கிறார்கள். அது கெட்டியாகப் படியும். போல்ட் அமரும் குழியிலும் படிந்தால், ஓட ஓட அந்தப் படலம் நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். அந்த இடங்களை மறைத்துவிட்டுத்தான் பூசச் சொல்ல வேண்டும். எப்படிப் பூசினாலும், மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்றைய டயரெல்லாம் டியூப்லெஸ். நம் ரிம்மோ டியூபுக்காகவே செய்தது. டியூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பு நழுவாமல் தடுக்க ஒரு சிறு மேடு சுற்றிலும் இருக்கும். பழைய ரிம்மில் அது கிடையாது. ஒரு திருப்பத்தில் காற்று குறைவாக இருந்தால் விளிம்பு உள்ளே நழுவி, அத்தனை காற்றும் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே டியூப் போட்டே தீர வேண்டும். அதுவும் ரேடியலுக்கென்று செய்த, சரியான அளவு டியூப். பழைய டியூபையே திணிக்கும் வழக்கம் பஞ்சர் கடைகளில் உண்டு. நீண்டுபோன டியூப் உள்ளே மடிந்து, மடிந்த இடத்தில் அறுபடும். டயருக்குள் ஒட்டியிருக்கும் காகித லேபிளை உரித்துவிட வேண்டும். டியூபுக்கும் டயருக்கும் நடுவே பவுடர் தூவ வேண்டும். வால்வு தண்டு ரிம் துளையில் ஆடாமல் உட்கார வேண்டும்; துளை பெரிது, தண்டு சிறிது என்றால் உலோக விளிம்பு தண்டை அறுத்துவிடும்.

காற்று எவ்வளவு? வண்டிக் கையேட்டிலுள்ள எண் நைலானுக்கானது. ரேடியலுக்கு அதைவிடச் சற்றுக் கூட வேண்டும். நான் முன்னால் 26, பின்னால் 28 என்று வைத்து, தேய்மானத்தைக் கவனித்து வருகிறேன். அலைன்மென்ட் செய்பவரிடமும் ரேடியல் என்று சொல்லிவிட வேண்டும். முன்சக்கரங்கள் உள்நோக்கிச் சாய வேண்டிய அளவு இதற்குக் குறைவு. ஸ்டெப்னியும் ரேடியலாகவே இருக்கட்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்பது ஆபத்து. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பது அதைவிடக் குறைந்த ஆபத்தல்ல. மழையில் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். நான்கு வாங்கிவிட்டு ஐந்தாவதற்குப் பழசையே வைத்துக்கொள்ளும் சிக்கனம், பஞ்சர் ஆகும் அன்று இரவு மழையில் வேலைக்காகாது.

வெள்ளைப் பட்டை வேண்டும் என்று சிலர் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் செருகுகிறார்கள். ஓடும்போது அது பக்கச்சுவரை இடைவிடாமல் உரசித் தின்னும். ராலி அன்று மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

புது டயரோடு முதல் முறை புனே போனபோது கண்டாலா ஏற்றத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் தெரிந்தது. முன்பெல்லாம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோட்டைத் தேடிக்கொண்டிருப்பேன். இப்போது வண்டி தானே கோட்டில் நிற்கிறது. வண்டியை நிறுத்தித் திருப்பும்போது மட்டும் ஸ்டியரிங் முன்பைவிடக் கனம்; தோள் வலிக்கிறது என்பதை மறைக்கவில்லை. டயர்களில் மூன்று 2025-ன் 14-ஆவது வாரம், இரண்டு 16-ஆவது வாரம். எண்ணை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் 2031 என்று சிவப்பு மசியில்.

கழற்றிய பழைய டயர் ஐந்துக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் தருவதாகக் கடைப்பையன் சொன்னான். பட்டன் இன்னும் இருக்கிறதே, தேய்த்து மெருகேற்றினால் புதுசு மாதிரி நிற்கும் என்றான். அண்ணாச்சி பேசாமல் கத்தியை எடுத்து ஐந்தின் பக்கச்சுவரையும் குறுக்கே ஒரு சாண் கிழித்தார். பையன் நூறு ரூபாய் மட்டும் தந்தான்.